ஏசாயா யாரிடம் பேசினார்? எபிரேயத் தீர்க்கதரிசனத்தை இரண்டு முறை வாசிப்பதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டிசம்பர் மாதம் தமிழ்ச் சபைகளில் எந்த ஆராதனைக்குப் போனாலும் ஏசாயா 7:14 காதில் விழுந்துவிடும். "இதோ, ஒரு கன்னிகை கர்ப்பவதியாகி" என்று தொடங்கும், மத்தேயு இயேசுவின் பிறப்புக்குப் பொருத்திய அந்த வசனத்தை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்களிடம், இரண்டு வசனம் தள்ளி 7:16இல் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது. அங்கே இரண்டு ராஜாக்கள் இருக்கிறார்கள், ஒரு காலக்கெடு இருக்கிறது, நடுங்கிப்போன ஒரு மன்னன் எதிரே நிற்கிறான்.

இந்த வழிகாட்டி சொல்வது ஒன்றைத்தான்: ஒரே பகுதியை இரண்டு முறை வாசியுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள். முதல் வாசிப்பின் கேள்வி, இதை நேரில் கேட்டவருக்கு இது என்ன சொன்னது என்பது. இரண்டாம் வாசிப்பின் கேள்வி, பல நூறு வருடம் கழித்து வாசித்தவர் இதில் எதைக் கண்டார், ஏன் கண்டார் என்பது. "இயேசுவைப் பற்றி முன்னூறு தீர்க்கதரிசனங்கள்" என்று துண்டுப் பிரசுரம் அடிப்பவர்களும், "மத்தேயு வசனத்தைத் திருடி ஏமாற்றிவிட்டார்" என்று வீடியோ போடுபவர்களும் செய்வது உண்மையில் ஒரே தவறு. இரு தரப்பும் முதல் வாசிப்புக்கு நேரம் கொடுப்பதில்லை. உங்களுக்கு விசுவாசம் இருக்கிறதா இல்லையா என்பது இந்தப் பயிற்சிக்குத் தேவையே இல்லை.

கையில் பழைய தமிழ் வேதாகமம் ஒன்று, அதோடு முடிந்தால் கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் அறிஞர்கள் சேர்ந்து மொழிபெயர்த்து 1995இல் வந்த திருவிவிலியம், ஒரு நோட்டு. நோட்டில் ஒரு பக்கம் முதல் வாசிப்புக்கு, எதிர்ப் பக்கம் இரண்டாம் வாசிப்புக்கு. இணைவசனங்கள் அச்சடித்த வேதாகமமாக இருந்தால் முதல் வாசிப்பு முடியும்வரை அவற்றைப் பார்க்க வேண்டாம். அவை உங்களை நேராகப் புதிய ஏற்பாட்டுக்குக் கொண்டுபோய் விட்டுவிடும்.

படி 1: தீர்க்கதரிசி ஜோசியக்காரர் அல்ல

வருங்காலத்தை முன்கூட்டியே பார்த்துச் சொல்பவர் என்றுதான் நாம் தீர்க்கதரிசியை நினைத்துக்கொண்டிருக்கிறோம். எபிரேயப் புத்தகங்களில் அவருடைய முதல் வேலை அது இல்லை. அரசனுக்கும் ஜனத்துக்கும் எதிரே நின்று, இப்படியே போனால் இது நடக்கும், மனம் திரும்பினால் நடக்காது என்று எச்சரிப்பதுதான் வேலை. சீயோன் வயல்வெளியைப்போல் உழப்படும் என்று மீகா சொன்னார் (3:12). அவர் காலத்தில் அது நடக்கவில்லை. ஏறக்குறைய நூறு வருடம் கழித்து எரேமியாவைக் கொல்லவேண்டும் என்று கூட்டம் கத்தியபோது, மூப்பர்கள் எழுந்து மீகாவை நினைவுபடுத்துகிறார்கள்: எசேக்கியா ராஜா மீகாவைக் கொன்றானா, கர்த்தருக்குப் பயந்தான் அல்லவா, கர்த்தரும் தாம் சொன்ன தீங்கைச் செய்யாமல் விட்டார் அல்லவா (எரேமியா 26:18, 19). அதாவது சொன்னது நடக்காமல் போனதால் மீகா பொய்த் தீர்க்கதரிசி ஆகிவிடவில்லை, அவர் பேச்சு பலித்தது என்றே அதை எடுத்துக்கொண்டார்கள். நினிவே கதையும் இதுதான், நாற்பது நாளில் கவிழும் என்றார் யோனா, ஊர் உபவாசம் இருந்தது, கவிழவில்லை.

எசேக்கியேல் இன்னும் சுவாரசியம். நேபுகாத்நேச்சார் தீரு பட்டணத்தைக் கொள்ளையடிப்பான் என்று 26ஆம் அதிகாரம் சொல்கிறது. 29:17 முதல் பார்த்தால், தீருவுக்காக அவன் சேனை பட்ட பாட்டுக்குக் கூலி கிடைக்கவில்லை, அதனால் எகிப்தைக் கொடுக்கிறேன் என்று வருகிறது. அந்தத் திருத்தத்தை மறைக்காமல் புத்தகத்திலேயே வைத்திருக்கிறார்கள். பலித்ததா இல்லையா என்று மார்க் போடும் பழக்கத்தோடு இந்தப் புத்தகங்களுக்குள் போனால் பாதி விஷயம் கண்ணில் படாது.

படி 2: அதிகார எண்ணை மறந்துவிட்டு முழுப் பகுதியையும் எடுங்கள்

இன்று நாம் பார்க்கும் அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தவை, ஸ்டீபன் லாங்டன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுபவை. ஏசாயா எழுதப்பட்ட காலத்தில் அவை கிடையாது. பிரபலமான 53ஆம் அதிகாரத்தின் கவிதை உண்மையில் 52:13இல் தொடங்குகிறது. 53:1இல் தொடங்கி வாசித்தால் "நாங்கள்" என்று பேசுவது யார் என்பதற்கு இருக்கும் முக்கியமான குறிப்பு, 52:15இல் வாயை மூடி நிற்கும் ராஜாக்கள், விட்டுப்போகும்.

புத்தகங்களின் வரிசையையும் கவனியுங்கள். நம் பழைய ஏற்பாடு மல்கியாவோடு முடிகிறது, எலியா வருவார் என்ற வாக்கோடு. பக்கத்தைத் திருப்பினால் மத்தேயு, யோவான் ஸ்நானகன். ஆனால் யூதர்களின் வேதமான தனாக்கில் தீர்க்கதரிசிகள் நடுவில் வருகிறார்கள், வழக்கமான வரிசையில் கடைசிப் புத்தகம் நாளாகமம், கடைசிச் செய்தி எருசலேமுக்குத் திரும்பிப் போங்கள் என்ற கோரேஸ் ராஜாவின் கட்டளை. தானியேல் அங்கே தீர்க்கதரிசிகளின் பட்டியலிலேயே இல்லை, "எழுத்துகள்" என்ற மூன்றாம் பகுதியில் இருக்கிறது. அதே புத்தகங்கள்தான், அடுக்கிய விதமே ஒரு வாசிப்பைச் சொல்லிவிடுகிறது.

படி 3: எந்த ராஜா, எந்தச் சண்டை, எந்த வருடம்

இதுதான் நேரம் எடுக்கும் படி, அவசரப்படாதீர்கள். ஏசாயா 7ஐ வைத்தே செய்து பார்க்கலாம்.

ஏசாயா 7ஐயும் 2 இராஜாக்கள் 16ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். காலம் சுமார் கி.மு. 735. அசீரியா பெரும் சேனையோடு மேற்கே வந்துகொண்டிருக்கிறது. சீரியாவின் ரேத்சீனும் இஸ்ரவேலின் பெக்காவும் கூட்டணி போட்டு, யூதாவையும் இழுக்கப் பார்க்கிறார்கள். யூதாவின் ராஜா ஆகாஸ் சேரவில்லை. சரி, இவனைத் தூக்கிவிட்டு தாபெயாலின் மகனை அரியணையில் உட்கார வைப்போம் என்று எருசலேம்மேல் படையெடுக்கிறார்கள். காற்றில் காட்டு மரங்கள் அசைவதுபோல் ராஜாவின் இருதயமும் ஜனத்தின் இருதயமும் அசைந்தது என்கிறது 7:2. ஏசாயா மன்னனைச் சந்திக்கும் இடம்கூடக் குறிக்கப்பட்டிருக்கிறது, மேற்குளத்து மதகின் கடைசியில், வண்ணார் துறைக்குப் போகும் வழியில். முற்றுகை வரப்போகிறது என்றால் மன்னன் முதலில் ஊரின் தண்ணீரைத்தானே பார்ப்பான் என்று நமக்குத் தோன்றுகிறது. ஏசாயா தன் மகன் சேயார்யாசூபையும் கூட்டிப் போகிறார், "மீதியானோர் திரும்புவார்கள்" என்று பொருள்படும் பெயர் வைத்த பையன். இந்தப் பகுதி முழுக்கக் குழந்தைகளின் பெயர்களே செய்தியாக வருவதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

ஏசாயாவின் செய்தி, பயப்படாதே, இந்த இருவரும் புகைகிற கொள்ளிக்கட்டைகள், அசீரியாவிடம் போய்க் காலில் விழாதே. ஆகாஸ் அடையாளம் கேட்க மறுக்கிறான். பக்தியால் மறுப்பதுபோல் பேசுகிறான், ஆனால் உள்ளே முடிவு எடுத்தாகிவிட்டது. அப்போதுதான் அந்த அடையாளம் வருகிறது: ஒரு பெண், ஒரு குழந்தை, இம்மானுவேல் என்ற பெயர், பிறகு 7:16: அந்தப் பிள்ளைக்கு நல்லது கெட்டது தெரிவதற்குள் நீ பயப்படும் அந்த இரண்டு ராஜாக்களின் தேசம் காலியாகும்.

நடந்தது என்ன? ஆகாஸ் கேட்கவில்லை. தேவாலயத்து வெள்ளியையும் பொன்னையும் எடுத்து அசீரியாவின் திகிலாத்பிலேசருக்கு அனுப்பினான். கி.மு. 732இல் தமஸ்கு விழுந்தது, ரேத்சீன் கொல்லப்பட்டான். பெக்கா ஒழிந்து ஓசெயா அரசனானான். சுமார் 722இல் சமாரியாவும் விழுந்தது. திகிலாத்பிலேசரின் சொந்தக் கல்வெட்டுகளிலும் யூதாவின் ஆகாஸ் கப்பம் கட்டியது பதிவாகியிருக்கிறது.

படி 4: காலக்கெடு இருக்கிறதா, இறந்தகாலமா, கேட்டவனுக்கு என்ன பயன்

7:16இல் கெடு இருக்கிறது. ஆகாஸின் வாழ்நாளுக்குள் பிறந்து வளராத ஒரு குழந்தை அவனுக்கு அடையாளமாக இருக்க முடியாது. எழுநூறு வருடம் கழித்துப் பிறக்கப்போகும் பிள்ளையைச் சொல்லி, இந்தப் பிள்ளை வளர்வதற்குள் உன் எதிரிகள் போய்விடுவார்கள் என்றால் முற்றுகைப் பயத்தில் நிற்கிற மனிதனுக்கு என்ன ஆறுதல்?

அப்படியானால் அந்தக் குழந்தை யார்? இங்கேதான் நேர்மை வேண்டும், மூலச் சூழலுக்கும் சுலபமான பதில் இல்லை. ஆகாஸின் மகன் எசேக்கியா என்பது பழைய யூத விளக்கங்களில் ஒன்று. ஆனால் கணக்கு உதைக்கிறது. ஆகாஸ் பதினாறு வருடம் ஆண்டான், எசேக்கியா இருபத்தைந்து வயதில் அரசனானான் என்றால் ஆகாஸ் பட்டத்துக்கு வரும்போதே அவனுக்கு ஒன்பது வயது. இடைக்கால யூத உரையாசிரியர் ராஷியே இதைக் காட்டி மறுக்கிறார். ஏசாயாவின் அடுத்த மகன் என்பது இன்னொரு விளக்கம். 8:3, 4இல் அப்படி ஒரு குழந்தை பிறக்கிறது, அவன் அப்பா அம்மா என்று கூப்பிடுவதற்குள் தமஸ்குவும் சமாரியாவும் கொள்ளை போகும் என்று அதே பாணியில் ஒரு கெடுவும் வருகிறது. எனக்கு இதுவே பொருத்தமாகப் படுகிறது, ஆனாலும் பெயர் வேறு என்பதால் முழுத் திருப்தி இல்லை.

இன்னொன்று. 7:15இல் அந்தப் பிள்ளை சாப்பிடும் வெண்ணெயும் தேனும் செழிப்பின் அடையாளம் என்று பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள். 7:21 முதல் வாசியுங்கள். வயலும் திராட்சைத் தோட்டமும் முள்ளாகிப்போய், ஒரு பசுவும் இரண்டு ஆடும் வைத்துப் பிழைக்கிற மிச்சம் மீதி ஜனம் சாப்பிடுவது அது. அசீரியாவைத்தான் கூலிக்கு வாங்கிய சவரகன் கத்தி என்கிறார் ஏசாயா, உதவிக்குக் கூப்பிட்டவன் உன்னையே சிரைத்துவிடுவான் என்று. "தேவன் நம்மோடு" என்ற பெயர் ஆகாஸுக்கு வாக்குத்தத்தம் பாதி, எச்சரிக்கை பாதி.

அந்தப் பெண்ணைக் குறிக்கும் சொல் கன்னியா, இளம்பெண்ணா என்ற சண்டையை நான் வேண்டுமென்றே கடைசிக்குத் தள்ளினேன். எபிரேயச் சொல் இளம்பெண்ணைக் குறிக்கிறது, கிரேக்க மொழிபெயர்ப்பு கன்னி என்று பொருள் கொள்ளும் சொல்லைப் போட்டது. 1952இல் அமெரிக்காவில் ஒரு புதிய மொழிபெயர்ப்பு இளம்பெண் என்று போட்டதற்காக ஒரு போதகர் அந்தப் பக்கத்தைக் கொளுத்தியே காட்டினார். ஆனால் எந்தச் சொல்லைப் போட்டாலும் 7:16இன் கெடு அப்படியேதான் இருக்கிறது. முழு விவாதத்தையும் ஒரு சொல்லில் கொண்டுபோய் முடிச்சுப் போடுபவர்கள் அதிகாரத்தை வாசிக்காமல் தப்பித்துக்கொள்கிறார்கள்.

படி 5: நடுவில் இருக்கும் நூற்றாண்டுகளைத் தாண்டிப் போகாதீர்கள்

ஏசாயாவிலிருந்து மத்தேயுவுக்கு ஒரே தாவாகத் தாவுவதுதான் பலர் செய்வது. நடுவில் ஏழு நூற்றாண்டுகள் யூதர்கள் இந்தப் புத்தகங்களை வாசித்துக்கொண்டும், தங்கள் காலத்துக்குப் பொருத்திக்கொண்டும்தான் இருந்தார்கள். எருசலேமின் பாழான காலம் எழுபது வருடம் என்று எரேமியா சொன்னதை தானியேல் 9 எடுத்து எழுபது வாரங்களாக விரிக்கிறது. அதாவது மறுவாசிப்பு எபிரேய வேதாகமத்துக்குள்ளேயே தொடங்கிவிட்டது.

1947இல் சாக்கடல் ஓரத்துக் கும்ரான் குகைகளில் முதலில் கிடைத்த சுருள்களில் ஒன்று ஆபகூக் புத்தகத்தின் விளக்கவுரை. ஆபகூக் சொன்னது கல்தேயரை, அதாவது பாபிலோனியரைப் பற்றி. உரைகாரரோ, இது கித்தீமைக் குறிக்கிறது என்கிறார், அது ரோமர் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. இன்னும் ஒருபடி மேலே போய், கடைசிக் காலம் எப்போது நிறைவேறும் என்பதை தேவன் ஆபகூக்குக்கே சொல்லவில்லை, எங்கள் நீதியின் போதகருக்குத்தான் (அந்தக் குழுவின் தலைவர்) வெளிப்படுத்தினார் என்கிறார். எழுதியவருக்கே தெரியாத பொருள் எங்களுக்குத் தெரியும்! இதைச் சொல்வது கிறிஸ்தவர்கள் அல்ல, அவர்களுக்கு முந்திய யூதர்கள். மத்தேயு செய்ததைத் தந்திரம் என்று சொல்வதற்கு முன் இந்தப் பின்னணி தெரிந்திருக்க வேண்டும்.

படி 6: இப்போது புதிய ஏற்பாட்டைத் திறங்கள்

ஒவ்வொரு மேற்கோளிலும், எழுத்தாளர் எந்த வரியை எடுத்தார், எதை விட்டார், எதை மாற்றினார் என்று மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். மத்தேயு 2 ஒன்றே போதும்.

"எகிப்திலிருந்து என் குமாரனை வரவழைத்தேன்." இது ஓசியா 11:1. முதல் பாதியைப் பாருங்கள், இஸ்ரவேல் இளைஞனாயிருந்தபோது நான் அவனை நேசித்தேன். இறந்தகாலம், யாத்திராகமக் கதை, குமாரன் என்பது ஜனம். அடுத்த வசனத்தில் அந்தக் குமாரன் பாகால்களுக்குப் பலியிடுகிறான். ஓசியா எதையும் முன்னறிவிக்கவே இல்லை. மத்தேயுவுக்கு இது தெரியாதா? தெரியும் என்றுதான் நினைக்கிறேன். எகிப்து, தண்ணீர், வனாந்தரத்தில் நாற்பது நாள், மலை என்று இஸ்ரவேலின் கதையை இயேசுவின் வாழ்வில் வரிசையாக மறுபடி ஓடவிடுகிறார், 4ஆம் அதிகாரச் சோதனையில் இயேசு சொல்லும் மூன்று பதிலும் உபாகமத்திலிருந்தே வருகின்றன. "நிறைவேறிற்று" என்றால் அவருக்குப் பழைய கதை இங்கே முழுமை பெற்றது என்று பொருள்.

அடுத்து ராகேலின் அழுகை, எரேமியா 31:15. ராமா எருசலேமுக்கு வடக்கே, பாபிலோனுக்குக் கொண்டுபோகும் கைதிகளை விலங்கிட்டுச் சேர்த்த இடம் (40:1). ராகேல் அழுவது நாடுகடத்தப்பட்ட பிள்ளைகளுக்காக. உடனே அடுத்த வசனம், அழாதே, உன் பிள்ளைகள் திரும்பி வருவார்கள். மத்தேயு அதை ஏரோது கொன்ற பெத்லெகேம் குழந்தைகளுக்குப் பொருத்துகிறார், அவர்கள் திரும்பப்போவதில்லை. ஆனால் அவர் மற்ற இடங்களில் வழக்கமாகப் போடும் "நிறைவேறும்படி" என்பதை இங்கே போடவில்லை, "அப்பொழுது நிறைவேறிற்று" என்கிறார். ஒரு வசனம் நிறைவேறவேண்டும் என்பதற்காகக் குழந்தைகள் செத்தார்கள் என்று எழுத அவருக்கே கை வரவில்லை போலும்.

மூன்றாவது மீகா 5:2. மீகாவில் பெத்லெகேம் "சிறியதாயிருந்தும்", மத்தேயு 2:6இல் "சிறியதல்ல". பழைய தமிழ் வேதாகமத்திலேயே இந்த மாற்றம் பளிச்சென்று தெரியும். மீகாவில் நாலு வரி தள்ளிப் போனால் அந்த ஆளுநர் எதிர்கொள்ளும் எதிரி அசீரியன். மத்தேயு அந்த வரிகளைத் தொடுவதில்லை.

படி 7: பிறகு வந்த யூத, கிறிஸ்தவ உரைகளையும் கேளுங்கள்

கி.பி. 2ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜஸ்டின் என்ற கிறிஸ்தவர் எழுதிய உரையாடலில் திரைபோ என்ற யூதர், ஏசாயா 7 எசேக்கியாவைப் பற்றியது என்று வாதாடுகிறார். ஆக இது இன்றைய பல்கலைக்கழகங்கள் கண்டுபிடித்த ஆட்சேபம் அல்ல. கிறிஸ்தவர்களுக்குள்ளும் மொப்சுவெஸ்தியாவின் தியோடர், கி.பி. 428இல் இறந்தவர், தீர்க்கதரிசிகளை அவரவர் காலத்தில் வைத்தே வாசிக்கவேண்டும் என்றார். சபை 553இல் அவரைக் கண்டனம் செய்தது.

முதல் வாசிப்பை அழித்ததற்கு விலை கொடுத்தவர்கள் யூதர்கள். தங்கள் வேதமே சொல்வதைப் பார்க்க மறுக்கும் குருடர்கள் என்ற பேச்சு சிற்பமாகவே நின்றது, ஸ்ட்ராஸ்பர்க் பேராலயத்தில் கண்ணைக் கட்டிய பெண்ணாக ஜெப ஆலயம். 1263இல் பார்சிலோனாவில் அரசனுக்கு முன்னால் நாக்மனிடெஸ் என்ற ரபி ஏசாயா 53 உள்ளிட்ட வசனங்களுக்குப் பதில் சொல்ல நிறுத்தப்பட்டார். "எங்கள் வாசிப்பு மட்டும்தான் இருக்கமுடியும்" என்று சொல்ல வாய் வரும்போது இதை நினைத்துக்கொள்வது நல்லது.

படி 8: கடினமான பகுதியில் கை வைத்துப் பாருங்கள்

மேலே சொன்னவை பழகியபிறகு ஏசாயா 53. பின்னணி பாபிலோன் சிறையிருப்பு. 40ஆம் அதிகாரம் முதல் பேச்சே மாறிவிடுகிறது, 45:1இல் கோரேஸ் பெயரோடு வருகிறான், அபிஷேகம் பெற்றவன் என்ற பட்டத்தோடு. அவன் பாபிலோனைப் பிடித்தது கி.மு. 539இல், ஆகவே இந்தப் பகுதி அந்தக் காலத்தில் எழுதப்பட்டது என்பது பெரும்பாலான ஆய்வாளர் முடிவு.

பாடுபடுகிறவனாக 53இல் வரும் அந்தக் கர்த்தருடைய தாசன் யார்? 41:8, 44:1, 49:3 மூன்றும் இஸ்ரவேல் என்று வெளிப்படையாகச் சொல்கின்றன. அப்பாடா என்று மூடிவைக்க முடியாது, ஏனென்றால் 49:6இல் தாசன் யாக்கோபின் கோத்திரங்களை எழுப்ப வருகிறான், 53:8இல் "என் ஜனத்தின்" மீறுதலுக்காக அடிபடுகிறான். ஜனமே ஜனத்துக்காகவா? யூத மரபிலும் ஒரே பதில் இல்லை. ராஷி இஸ்ரவேல் என்கிறார். அதற்கு முந்திய அராமிய மொழிபெயர்ப்பான தர்கூமோ தாசனை மேசியா என்கிறது, ஆனால் பாடுகளை அவர்மேல் வைக்காமல் மற்றவர்கள் தலையில் மாற்றிவிடுகிறது.

புதிய ஏற்பாடும் ஒரே மாதிரி வாசிக்கவில்லை. மத்தேயு 8:17 இதே அதிகாரத்தை இயேசு நோயாளிகளைச் சுகமாக்கியதற்கு மேற்கோள் காட்டுகிறது, சிலுவைக்கு அல்ல. 1 பேதுரு 2 அடிவாங்கும் வேலைக்காரர்களுக்கு முன்மாதிரியாகக் காட்டுகிறது. அப்போஸ்தலர் 8இல் எத்தியோப்பிய மந்திரி கேட்கும் கேள்விதான் சரியான ஆய்வுக் கேள்வி: தீர்க்கதரிசி யாரைக் குறித்து இதைச் சொல்லுகிறார், தம்மைக் குறித்தோ, வேறொருவரைக் குறித்தோ? நோட்டில் இரண்டு பக்கமும் நிரம்பியும் விடை வராவிட்டால் வராததாகவே விடுங்கள்.

அடுத்ததாக நீங்களே ஏசாயா 9:1-7ஐ எடுங்கள். 2 இராஜாக்கள் 15:29ஐப் பக்கத்தில் வைத்து, செபுலோனும் நப்தலியும் ஏன் இருளில் இருந்தன என்று பாருங்கள். "பாலகன் பிறந்தார்" என்பதன் காலத்தைக் குறியுங்கள். மத்தேயு 4 எந்த இரண்டு வசனத்தை மட்டும் எடுக்கிறது என்று பாருங்கள், பாலகன் வசனத்தைப் புதிய ஏற்பாடு எங்கேயாவது மேற்கோள் காட்டுகிறதா என்று தேடுங்கள் (தேடிக் களைத்துப்போவீர்கள், காட்டவில்லை). அப்புறம் சகரியா 9:9, எருசலேமுக்குள் நுழையும்போது எத்தனை கழுதை என்று நான்கு சுவிசேஷங்களிலும் எண்ணிக்கொண்டு வாருங்கள்.